மக்காவ் ஹோட்டலில் காணாமல் போன தாலிக்கொடி

முதலில் என்னுடைய முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

மனிசியிடம் ஒரேயொரு கேள்வி கேட்கப் பயந்து, அதே கேள்வியைக் கடல் கடந்து போய் ஒரு சூதாட்ட ஹோட்டலின் மனேஜரிடம் கேட்ட மனிதன் ரொறன்ரோவில் ஒருவன்தான் இருக்கிறான். அவன்தான் இந்தப் பக்கத்தை வாராவாரம் எழுதுகிறான்.

மக்காவ் நகரம். ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி. தலைக்கு மேலே ஒரு வீடளவு பளிங்கு விளக்குத் தொங்குகிறது. காலுக்குக் கீழே கம்பளம். நடந்தால் சத்தமே இல்லை. நடக்கிறேனா மிதக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். எங்கேயிருந்தோ மல்லிகை மாதிரி ஒரு வாசம். சுற்றிப் பார்த்தால் ஒரு பூவையும் காணவில்லை. குளிர்காற்று வருகிற ஓட்டைக்குள்ளால் வாசமும் வருகிறது.

நான் வியர்த்துக்கொண்டு நிற்கிறேன். கையில் ஒரு வெறும் கம்பளிக் காலுறை.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்றவன் கோவாக்காரன். மூன்று துண்டு சூட், நெஞ்சில் டியூட்டி மனேஜர் என்று ஒரு தங்கத் தகடு. வயது என் மகளைவிடக் குறைவாக இருக்கும்.

"என்ன உதவி வேணும் சேர்?" என்று இங்கிலீசில் கேட்டான்.

"மை தாலி இஸ் மிஸ்ஸிங்" என்றேன்.

அவனுடைய பக்கத்தில் தாலி என்றால் சாப்பாட்டுத் தட்டு. முகம் மலர்ந்துவிட்டது. "நோ ப்ராப்ளம் சேர். வெஜ் ஓர் நொன்-வெஜ்?"

நான் இரண்டு கையாலும் என் கழுத்தைச் சுற்றிக் காட்டினேன். யாரோ என் கழுத்தை நெரித்துவிட்டார்கள் என்று நினைத்து அவன் போனைத் தூக்கினான். பிறகு கலியாணம், தங்கம், சங்கிலி, பதினொரு பவுண் என்று ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி வைத்துத்தான் விளங்கப்படுத்த முடிந்தது. அவனுடைய சிரிப்பு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு படி இறங்கியது.

கடைசியாகக் கேட்டான், அறைக்குள் யார் யார் வந்தது என்று.

"கிளீனிங் லேடி ஒன்லி" என்றேன்.

மூன்றே மூன்று சொல். சொல்லும்போது நாக்குத் தடுக்கவில்லை. அவன் அதை ஒரு கடதாசியில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினான்.

மக்காவுக்குப் போறம் நானா

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ஸ்காபரோவில் ஏற்கெனவே ஓடுகிற கதைதான் உண்மை என்று ஆகிவிடும்.

எங்கள் பிளாசாவில் தையல்கடை வைத்திருப்பவர் நிஸாம் நானா. என்னுடைய களிசான்கள் எல்லாவற்றையும் இடுப்பில் அகலமாக்கித் தந்து என் வளர்ச்சியைக் கூடவே இருந்து பார்த்தவர். பயணத்துக்கு முந்தின மாசம் அவரிடம் சொன்னேன்.

"நானா, வாற மாசம் மக்காவுக்குப் போறம்."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "நீங்களா? மக்காவுக்கா?"

"ஓம். மகள் ரிக்கெட் போட்டிட்டாள். ரெண்டு நாள்."

"ரெண்டு நாளிலயா? நாங்க ஹஜ்ஜுக்குப் பேர் குடுத்திட்டு வருசக்கணக்கா காத்திட்டிருக்கம் அண்ணை. எங்க தங்கப் போறீங்க?"

"பெரிய ஹோட்டல். கீழ காசினோவாம்."

நானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னை நன்றாக ஒருமுறை பார்த்தார்.

"அண்ணை, உங்களுக்கு ஆரோ பிழையான ரிக்கெட் வித்துட்டான்."

அவருக்கு விளங்கப்படுத்திச் சிரித்து முடிவதற்குள் என் களிசான் வேலை ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. மக்காவ் என்பது சீனக் கரையில் இருக்கிற துறைமுகம், ஒருகாலத்தில் போர்த்துக்கீசன் பிடித்து வைத்திருந்தது, எங்கள் யாழ்ப்பாணத்தையும் அவன் பிடித்து வைத்திருந்தானே, அதே ஆள்தான் என்றேன். "அப்ப சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போறீங்க" என்றார் நானா.

என் மகளுக்கு ஹொங்கொங்கில் வேலை. நாங்கள் அவளைப் பார்க்கப் போன இடத்தில், கடலுக்கு மேலால் ஓடுகிற பாலத்தில் எங்களை பஸ் ஏற்றி இரண்டு இரவுக்கு அனுப்பி வைத்தாள். காரணம் ஒன்றே ஒன்று. "அப்பா, அம்மா லைஃப்ல ஒரு தரமாவது ஹோட்டல்ல கெஸ்டா இருக்கோணும்."

இதைத்தான் இங்கே கோயில் வாசலில் சிலபேர், கிழவனும் கிழவியும் சூதாடப் போனார்கள் என்று கதைக்கிறார்கள். ஓம், போனோம். மில்க் ரீ இலவசமாகத் தந்தார்கள், அதையும் குடித்தோம். அவர்களுக்கு இனி என்ன தெரியவேண்டும் என்றால் என்னிடமே கேட்கலாம். நானே எல்லாவற்றையும் எழுதப் போகிறேன்.

இருபத்திமூன்று வருசமும் ஒரு சுழல் கதவும்

என் மனிசி பவானி, ரொறன்ரோ டவுன்ரவுனில் ஒரு பெரிய ஹோட்டலில் இருபத்திமூன்று வருசம் அறை துப்புரவாக்கியவள். நாளுக்குப் பதினாறு அறை. ஸ்காபரோவிலிருந்து முதல் பஸ், பிறகு ரயில். அந்த ஹோட்டலுக்கு முன்பக்கத்தில் பித்தளைப் பிடி வைத்த சுழல் கதவு ஒன்று இருக்கிறது. இருபத்திமூன்று வருசத்தில் அவள் அதற்குள்ளால் ஒரு தரமும் போனதில்லை. வேலைக்காரருக்குப் பின்பக்கம், குப்பை லொறி வருகிற ஒழுங்கையில் வேறு கதவு.

வீட்டுக்கு வந்தால் கையில் குளோரின் மணக்கும். நான் அப்போது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சிக்கியூரிட்டி வேலை. கதிரையில் இருந்து கமெராவைப் பார்ப்பது. இரண்டு பேரும் களைத்துப்போய் வருவோம். அவள் வேலை செய்து களைத்திருப்பாள். நான் கதிரையில் இருந்து களைத்திருப்பேன்.

ஒருநாள் அவள் வழக்கத்தைவிட நேரத்தோடு வந்துவிட்டாள். உடுப்புக்கூட மாற்றாமல் கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். ஒரு விருந்தாளியின் கைக்கடிகாரம் காணவில்லையாம். அறைக்குள் போனது அவள் மட்டும்தானாம். கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்களாம். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

பதினொரு நாள் வீட்டில் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. கடிகாரம் அந்த மனிதனுடைய குளிர்க்கோட்டுப் பைக்குள்ளேயே இருந்ததாம். நாளைக்கு வேலைக்கு வா என்றார்கள். மன்னிப்பு என்ற சொல் அந்தப் போனில் இல்லை.

"அப்பிடியெண்டா அதை எழுத்தில தரச் சொல்லோணும்" என்றாள்.

"வேலை திரும்பக் கிடைச்சுதுதானே. விடும்" என்றேன்.

அந்த 'விடும்' என்னுடையது. நான்தான் சொன்னேன். அவளும் விட்டாள். ஆனால் அவளுடைய ஃபைலில் முறைப்பாடு வந்தது என்ற வரி இருந்தது, முறைப்பாடு பிழை என்ற வரி இல்லை. அதற்குப் பிறகு சுப்பவைசர் வேலைக்கு மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் அவள் பழக்கிவிட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். மூன்றாம் தரம் வீட்டுக்கு வந்தவள் நேரே ஸ்திரிப்பெட்டியை எடுத்தாள். அடுத்த நாளைக்கு யூனிஃபோமை ஸ்திரி போட்டாள். அந்த ஆவி மணம் எனக்கு இன்னும் மூக்குக்குள் இருக்கிறது.

ஆர் ஆரிட்டை எடுத்தது

மக்காவ் ஹோட்டலில் எங்கள் அறை இருபதாம் மாடிக்கு மேலே. உள்ளே போனால் திரைச்சீலை தானாகத் திறக்கிறது. குளியலறைக்குள் போனால் கொமோட்டின் மூடி தானாக எழும்பி வணக்கம் சொல்கிறது. நானும் திருப்பி வணக்கம் சொல்லிவிட்டேன்.

பவானி இது ஒன்றையும் பார்க்கவில்லை. நேரே கட்டிலுக்குப் போய், விரிப்பின் மூலை மடிப்பைத் தூக்கிப் பார்த்தாள். விரலால் மேசையின் அடிப்பக்கத்தைத் தடவினாள்.

"நல்லாச் செய்திருக்கிறாள்" என்றாள்.

"ஆர்?"

"ஜோய். வரேக்க நடையில வண்டிலோட நிண்டவ. பிலிப்பீன்ஸ் பிள்ளை. பதினாலு ரூமாம் ஒரு நாளைக்கு."

நானும் அதே நடையால்தான் வந்தேன். விளக்கைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன், கம்பளத்தைப் பார்த்தேன். வண்டிலோடு நின்ற ஆளை நான் பார்க்கவில்லை.

தலையணைக்கு மேலே ஒரு சொக்கிளேற்றும் ஒரு அட்டையும் வைத்திருந்தார்கள். விருந்தாளிகள் படிப்பதற்குச் சில போர்த்துக்கீசச் சொற்கள். வாசித்துவிட்டு நான் துள்ளி எழும்பினேன். மேசா என்றால் மேசை. ஜனெலா என்றால் யன்னல். சப்பாத்து என்றால் சப்பாத்து. அலுமாரி, கதிரை, துவாய் எல்லாம் கொஞ்சம் மூக்கால் கதைத்தால் வருகிறது.

"இஞ்சரும், இங்க பாரும். கள்ளப் பயலுகள். எங்கட சொல்லை முழுக்கக் களவெடுத்துக்கொண்டு வந்திட்டாங்கள்."

பவானி அட்டையை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார்.

"ஆர் ஆரிட்டை எடுத்தது எண்டு விசாரிச்சுப்போட்டு ஆளைப் பிடியுங்கோ" என்றாள்.

விசாரித்தேன். எடுத்தது நாங்கள்தானாம்.

சப்பாத்துக்குள் ஒரு புதையல்

இனித் தாலிக்கொடிக்கு வருவோம். பவானி அதைக் கழற்றுவதில்லை. வேலையில் நகை போடக்கூடாது என்ற சட்டம் இருந்தபோதும் யூனிஃபோமின் கழுத்துக்குள் ஒளித்துப் போட்டுக்கொண்டு போனவள்.

ஆனால் காசினோ நகரம் என்றால் கழுத்தை வெட்டுகிற ஊர் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். யார் என்று கேட்காதீர்கள், டோனற் கடையில் கூடுகிற எங்கள் ஓய்வூதியச் சபையில் ஒருவர். நான் பவானியை அரித்தெடுத்து, வந்த அன்று பின்னேரமே கொடியைக் கழற்ற வைத்தேன்.

அறைக்குள் இரும்புப் பெட்டி இருந்தது. நான் அதில் வைப்பேனா? கள்ளன் முதலில் போகிற இடமே அதுதானே. இருபது வருசம் சிக்கியூரிட்டி செய்த மூளை இது. பவானி பார்த்துக்கொண்டிருக்க, கொடியைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு, காலுறையைச் சுருட்டி, ரொறன்ரோ ஸ்நோவுக்குப் போட்டு வந்த என்னுடைய பெரிய சப்பாத்துக்குள் திணித்து, சப்பாத்தை அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன். பதினாறு மணித்தியாலப் பறப்பில் காலில் கிடந்த சப்பாத்து. அதற்குள் கை விடுகிற துணிச்சல் எந்தக் கள்ளனுக்கும் வராது.

அடுத்த நாள் காலை, பவானி குளித்துக்கொண்டிருக்க நான் கீழே சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனேன். அங்கே ஒரு மனிதன் எத்தனை வகை முட்டை சாப்பிடலாம் என்பதை ஆராய்ந்துவிட்டு, காசினோவுக்குள் நுழைந்தேன்.

எனக்குச் சீட்டாட்டத்தில் கொஞ்சம் பெயர் இருக்கிறது. முந்நூற்றிநாலு ஆட்டத்தில் ஸ்காபரோவின் நிலக்கீழ் அறைகள் பலவற்றில் துரும்பு சொல்லி வென்றவன். மக்காவையே கவிழ்த்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று சபையில் சொல்லிவிட்டும் வந்திருந்தேன். உள்ளே போனால் மைதானம் மாதிரி ஒரு மண்டபம், யன்னல் இல்லை, மணிக்கூடு இல்லை. ஒவ்வொரு மேசையிலும் சீனக் கிழவர்கள் ஒரு சீட்டை எடுத்து, அதன் ஓரத்தை மெல்ல மெல்ல வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள். துரும்பு இல்லை. கேள்வி இல்லை. கூட்டாளியைப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிற வழியும் இல்லை. என்ன நடக்கிறதென்று விளங்கிக்கொள்ள முந்தியே இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள், முகம் சாம்பலாக.

நான் ஒரு மெசினில் கொஞ்சம் தோற்றுவிட்டு மில்க் ரீயோடு மேலே வந்தேன். பவானி அறையில் இல்லை. லொபியில் இருக்கிறேன் என்று ஒரு துண்டு எழுதி வைத்திருந்தாள். கட்டில் விரித்து, அறை பளபளவென்று இருந்தது.

சும்மா ஒரு பார்வை பார்ப்போம் என்று சப்பாத்துக்குள் கையை விட்டேன். காலுறை வந்தது. வெறுமையாக வந்தது.

இதை வாசிக்கிற குழந்தைப்பிள்ளைக்கும் இப்போது விளங்கியிருக்கும். மனிசியிடம் கேட்கவேண்டும். நான் வேலை செய்த கட்டடத்திலேயே அதுதான் முதல் விதி. பொருள் காணவில்லை என்றால், ரிப்போர்ட் எழுதுவதற்கு முந்தி வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் கேள். நான் அதை எத்தனையோ பேருக்கு அதிகாரமாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்தக் கொடியைக் கழற்ற வைத்தவன் நான். ஒளித்தவன் நான். கீழே போய் அவளிடம் என்ன சொல்வது? அவள் அறிவதற்கு முந்தி எப்படியாவது எடுத்துக் கொடுத்துவிடவேண்டும் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. மற்ற லிஃப்ற்றில் இறங்கி, தூண் மறைவால் நடந்து, அவள் கண்ணில் படாமல் அந்த மேசைக்குப் போனேன்.

உதுவோ

ஒரு மணித்தியாலம் கழித்து நானும் பவானியும் அறையில் இருந்தோம். நான் யன்னலால் கடலைப் பார்ப்பதாக நடித்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது.

டியூட்டி மனேஜர். பின்னால் ஒரு ஆள் பழத்தட்டோடு. தட்டில் திராட்சைக் குலை, ஒவ்வொரு பழமும் துடைத்து வைத்த மாதிரி.

"மேடம், உங்களுடைய தங்க நெக்லஸுக்கு நடந்ததுக்கு மிகவும் வருந்துகிறோம். உங்கள் அறையைத் துப்புரவாக்கிய அட்டெண்டன்றை மாடி வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம். சிக்கியூரிட்டி விசாரித்துக்கொண்டிருக்கிறது. உங்களை இதைவிடப் பெரிய ஸ்வீற் அறைக்கு மாற்றுகிறோம், எங்கள் செலவில்."

பவானியின் கை கழுத்துக்குப் போனது. ஸ்வெற்றரின் கழுத்தை இழுத்து, உள்ளேயிருந்து கொடியை வெளியே எடுத்து நெஞ்சில் போட்டாள். யன்னல் வெளிச்சத்தில் பதினொரு பவுணும் பளிச்சென்றது.

"உதுவோ?" என்றாள், என்னைப் பார்த்து.

மனேஜர் கொடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பழத்தட்டைப் பார்த்தான்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. வெறுங்கழுத்தோட இருக்கேலுமோ? முழுகிப்போட்டு எடுத்துப் போட்டனான். என்னை ஏன் கேக்கேல்லை?"

"நீர் ஏசுவீர் எண்டு" என்றேன்.

அவள் ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. மனேஜரிடம் திரும்பினாள். பவானியின் இங்கிலீஸ் வேலைத்தலத்தில் பழகியது. அதில் சுற்றி வளைக்கிற சொல் கிடையாது.

"ஜோய் எங்கே?"

"அது எங்களுடைய உள்விவகாரம் மேடம். நகை கிடைத்துவிட்டதென்று நாங்கள் சொல்லிவிடுவோம். நீங்கள் ஸ்வீற்றை அனுபவியுங்கள்."

"நான் இருபத்திமூன்று வருசம் ரூம் அட்டெண்டன்ற். உள்விவகாரம் எனக்குத் தெரியும். ஸ்வீற் வேண்டாம். பழம் வேண்டாம். ஜோயைப் பார்க்கவேண்டும்."

அவன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். முடியாது என்பதைச் சொல்லக் காசு கொடுத்துப் படித்த சிரிப்பு.

பவானி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வாங்கோ."

கைபிடி இல்லாத கதவு

உலகத்தில் எந்த ஹோட்டலிலும் ஒரு கதவு இருக்குமாம். சுவரின் அதே நிறம், அதே பூ வேலைப்பாடு, கைபிடி இல்லை. விருந்தாளியின் கண் அதில் தங்காது. லிஃப்ற்றால் இறங்கியதும் பவானி லொபியை ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். தங்கத் தூண் ஒன்றுக்குப் பின்னால் நேரே போய், சுவரைக் கையால் தள்ளினாள். சுவர் திறந்தது.

"மேடம், விருந்தாளிகளுக்கு அனுமதி இல்லை" என்று மனேஜர் பின்னால் ஓடி வந்தான்.

"தெரியும்" என்றாள் பவானி. உள்ளே போய்விட்டாள். நானும் போனேன். வேறென்ன செய்வது?

கதவுக்கு அந்தப்பக்கம் மல்லிகை வாசம் நின்றுவிட்டது. சாம்பல் நிறச் சீமெந்து, குழாய்கள், ஈரத் துணியின் சூடு, குளோரின். எனக்குத் தெரிந்த மணம். எங்கள் வீட்டில் இருபத்திமூன்று வருசம் இருந்த மணம். துவாய் அடுக்கிய வண்டில்கள் வரிசையாக நின்றன. தள்ளிக்கொண்டு வந்தவர்கள் பவானியின் கழுத்தில் கிடந்த கொடியையும் பின்னால் வருகிற என்னையும் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் யாரிடமும் வழி கேட்கவில்லை. சிக்கியூரிட்டி அறை எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நேரம் பதிகிற மெசினுக்குப் பக்கத்தில்.

அறைக்குள் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் ஜோய் இருந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். அவளுடைய கைப்பையை மேசையில் கொட்டியிருந்தார்கள். ஒரு சீப்பு, செபமாலை, பாதி பிஸ்கற் பக்கெற், தலையிடிக் குளிசை, ஒரு சின்னப் பிள்ளையின் படம். இரண்டு காவலாளிகள் அந்தச் சாமான்களை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பவானி மேசையைப் பார்த்தாள். மேசை விளிம்பில் கிடந்த சீப்பை உள்ளே தள்ளி வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லுங்கோ" என்றாள்.

"என்னத்தை?"

"செய்ததை."

சொன்னேன். நகை போகவில்லை, மனிசியின் கழுத்தில் இருந்தது, நான் அவளிடம் கேட்கவில்லை என்று இங்கிலீசில் சொன்னேன். ஒரு காவலாளி சிரிப்பை அடக்கினான். நானும் வழக்கம்போல ஒரு பகிடி விட்டுப் பார்க்கலாமா என்று வாயைத் திறந்தேன். ஜோயின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். படத்தைக் கடைசியாக.

"எல்லாம் நல்லபடி முடிந்தது" என்றான் மனேஜர்.

"முடியேல்லை" என்று தமிழிலேயே சொன்னாள் பவானி. பிறகு இங்கிலீசில், "அவர் கையெழுத்து வைத்த பேப்பர் எங்கே?"

பேப்பர் வந்தது. பவானி ஒரு வெற்றுத் தாளை என் முன்னால் தள்ளினாள்.

"எழுதுங்கோ. நான் என்ர மனிசியைக் கேக்கேல்லை. நகை அவவின்ர கழுத்தில இருந்தது. ஜோயில ஒரு பிழையும் இல்லை."

நான் இங்கிலீசில் எழுதத் தொடங்கினேன். சிக்கியூரிட்டி ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை. 'ஒரு மிஸ்அண்டர்ஸ்ராண்டிங் காரணமாக' என்று ஆரம்பித்தேன்.

"உது என்ன சொல்?"

"விளங்கிக்கொண்டதில தவறு எண்டு."

"ஆருக்கு விளங்கேல்லை? வெட்டுங்கோ. பொய் சொன்னனான் எண்டு எழுதுங்கோ."

"பொய் இல்லையே பவானி. நான் அப்பிடித்தான் நினைச்சனான்."

"பாக்காததைப் பாத்த மாதிரிச் சொன்னா அதுக்கு என்ன பேர்?"

வெட்டிவிட்டு எழுதினேன். மனேஜர் வாசித்துப் பார்த்து, இவ்வளவு கடுமையாகத் தேவையில்லை, கோப்பில் ஒரு குறிப்புப் போட்டால் போதும் என்றான். பவானி பக்கத்தில் கிடந்த இன்னொரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்து ஜோய்க்கு அருகில் போட்டு இருந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குறிப்பு இல்லை. இந்தப் பேப்பர். அந்தப் பேப்பரோடு சேர்த்து ஸ்ரேப்பிள். ஜோய்க்கு ஒரு கொப்பி. அதுவரைக்கும் நான் இங்கே."

வெளியே வண்டில்கள் ஓடுகிற சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. கதவுப் பக்கம் யூனிஃபோம் போட்ட பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை, யாரும் போகவும் இல்லை. மனேஜர் போனில் யாரிடமோ கதைத்தான், இன்னொருவரிடம் கதைத்தான், கடைசியில் மேசை லாச்சியைத் திறந்தான்.

டக்கென்று ஒரு சத்தம். இரண்டு பேப்பரும் ஒன்றாகிவிட்டன.

பவானி அதை வாங்கி, பிரித்துப் பார்த்து, இழுத்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள். ஜோய் தன்னுடைய கொப்பியை நாலாக மடித்துப் போனின் உறைக்குள் வைத்தாள். "தாங்க்யூ மாம்" என்றாள், பவானிக்கு மட்டும். எழும்பிச் சட்டையைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கு இன்னும் ஒன்பது அறை மிச்சம் இருந்தது.

"பின்னேரம் கட்டில் மடிக்க எங்கட ரூமுக்கு வரவேண்டாம், செய்தாச்சு எண்டு போடு" என்று பவானி அவளுக்குச் சொன்னாள். ஜோய்க்கு அப்போதுதான் லேசாகச் சிரிப்பு வந்தது.

நாங்கள் திரும்பும்போது மனேஜர் எங்களைப் பின்வழியால் வேலைக்காரருடைய லிஃப்ற்றில் மேலே அனுப்பலாம் என்று பார்த்தான். பவானி கேட்கவில்லை. கைபிடி இல்லாத கதவைத் தள்ளி, லொபியின் நடுவால், கொடியை உள்ளே போடாமல் நடந்தாள். சீனக் கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சபையில் சொன்ன கதை

இங்கே வந்து டோனற் கடைச் சபையில் இதை நான் சொன்ன விதம் கொஞ்சம் வேறு. முதல் தரம் சொன்னபோது பிழை ஹோட்டலுடையது. இரண்டாம் தரம் ஜோயைக் காப்பாற்றியது நான். மூன்றாம் தரம் சொன்னபோது நான் போர்த்துக்கீசத்தில் ஒரு பிரசங்கமே செய்திருந்தேன். பிறகு சபையில் ஒருவர் அதைப் பவானியிடமே போய்ப் புகழ்ந்துவிட்டார். "அண்டைக்கு அண்ணை இல்லாட்டி அந்தப் பிள்ளையின்ர கதி என்ன" என்று. பவானி அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். மறுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு கிழமை எனக்குத் தேத்தண்ணி வரவில்லை.

பதினொரு நாள் கட்டில் ஓரத்தில் இருந்தவளுக்கு நான் அன்றைக்கு அந்த ஹோட்டல்காரரை எழுத வைத்திருக்கவேண்டிய பேப்பர் ஒன்று இருந்தது. எழுத வைக்கவில்லை. 'விடும்' என்றேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள், கோயில் வாசலிலும் கதையுங்கள். இந்தமுறை நான் விடப் போவதில்லை என்று தீர்மானித்து இதை எழுத மேசைக்கு முன்னால் இருந்தேன்.

தீர்மானம் ஒன்று, துணிச்சல் வேறு. முதல் பக்கம் எழுதியதும் பேனையை மூடி வைத்துவிட்டேன். வெளியே ஸ்நோ கொட்டிக்கொண்டிருந்தது. பவானி சோபாவில் இருந்து முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் இருந்தேன்.

"இஞ்சரும். இதை ஒஷாவாவில இருக்கிற என்ர சிநேகிதன் ஒருத்தனுக்கு நடந்த மாதிரி எழுதட்டோ?"

அவள் எண்ணெய்ப் போத்திலின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"உங்கட பேரைப் போட்டு எழுதுங்கோ."